ஐலெட் அடித்தல்: பிளாஸ்டிக் கத்தி உறையின் ஓரத்தைப் பூட்டும் முறை

சூட்டில் இளகி, ஆறியபின் வடிவம் மாறாதிருக்கும் பிளாஸ்டிக் தகட்டால் செய்யப்படும் கத்தி உறையின் இரு பக்கங்களையும் ஓரத்தில் சேர்த்துப் பூட்டுவதற்கு ஐலெட் என்னும் உலோகக் கண்ணியே பெரிதும் பயன்படுகிறது. ஒரு முனையில் தட்டையாக விரிந்த தலையும், அதிலிருந்து நீளும் மெல்லிய சுவர் கொண்ட குழலுமாக அமைந்த இக்கண்ணியைத் தகடுகளில் இட்ட துளை வழியாகச் செலுத்தி, மறுபக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் குழல் முனையை அச்சால் வெளிப்புறமாகச் சுருட்டி அமிழ்த்தும்போது, தலைக்கும் சுருளுக்கும் இடையே தகடுகள் இறுகப் பிடிபடுகின்றன. ரிவெட்டு செய்யும் இதே வேலையை ஐலெட்டும் செய்கிறது என்றாலும், ஐலெட்டின் நடுவே துளை திறந்தே இருப்பதால், பூட்டிய பின்னர் அதன் வழியே கயிறோ, இடுப்பு வாருக்கான கிளிப்பைப் பிடிக்கும் 4 மி.மீ. ஸ்க்ரூவோ செலுத்த முடிகிறது. உறை செய்பவர்கள் ரிவெட்டை விடுத்து ஐலெட்டைத் தேடுவதற்கு இதுவே காரணம்.

ஐலெட் பிளந்தாலும் சாய்ந்தாலும் ஒரு பக்கம் மட்டும் சுருண்டாலும், பழியைச் சுத்தியல் மீதோ அச்சின் மீதோ சுமத்துவது புதிதாகச் செய்பவர்களின் இயல்பு. உண்மையில் அக்குறைகளில் பெரும்பாலானவை துளையின் அளவிலும் நேர்த்தன்மையிலும், குழலின் நீளத்திலும் முன்னரே தீர்மானமாகிவிடுகின்றன. அடி விழும்போது அவை வெளிப்படுகின்றன, அவ்வளவே. ஆகவே இந்த அத்தியாயம் அடிக்கும் முறையைக் காட்டிலும் அடிப்பதற்கு முந்தைய வேலைக்கு அதிக இடம் ஒதுக்குகிறது.

உறைத் தகடாக உலகெங்கும் பெயர்பெற்றது கைடெக்ஸ். அக்ரிலிக்கும் பி.வி.சி.யும் கலந்த இந்தத் தகட்டை அமெரிக்காவின் ரோம் அண்டு ஹாஸ் நிறுவனம் 1965-இல் விமானங்களின் உட்புறப் பூச்சுப் பலகைகளுக்காக உருவாக்கியது. கத்தி உறைக்கு அது வந்து சேர்ந்தது பின்னாளில்தான். ஏறத்தாழ 165 முதல் 200 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் இது படியும். திருவள்ளூரை அடுத்த திருப்பாச்சூரில் இருப்பவர் கைடெக்ஸை அஞ்சல் வழியே வரவழைத்தாக வேண்டும். ஆனால் அதே வேலையைச் செய்யக்கூடிய பி.வி.சி. குழாய் திருவள்ளூர் கடைத்தெருவில் எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். குழாயை நீளவாக்கில் அறுத்து, ஹீட் கன்னால் இளக்கி, இரண்டு ஒட்டுப்பலகைகளுக்கு இடையே அழுத்தி ஆறவிட்டால் சமதளத் தகடு கிடைத்துவிடுகிறது. 75 மி.மீ. வெளிவிட்டமுள்ள குழாயைப் பிளந்தால் ஏறத்தாழ 235 மி.மீ. அகலத் தகடு கிடைப்பதால், மாங்கன்று ஒட்டுக் கத்திக்கோ, மீன் அரியும் சிறு கத்திக்கோ, இளநீர்க் கடைக்காரரின் சூரிக்கோ ஒரு துண்டே போதும்.

எல்லாக் குழாயும் இதற்கு ஏற்றதன்று. ஆழ்துளைக் கிணற்றுக்கு இறக்கும் நீல நிறக் கேசிங் குழாய் சுவர் தடித்தது. இரண்டு அடுக்காக மடித்தால் சாதாரண ஐலெட்டின் குழல் மறுபக்கம் எட்டிப்பார்க்கக்கூட முடியாது. கழிவுநீருக்கும் மழைநீருக்கும் பயன்படும் எஸ்.டபிள்யூ.ஆர். குழாய்களில் மெல்லிய வகையே உறைக்குத் தோதானது. அதன் சுவர் ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனுள்ளது. எந்தக் குழாயானாலும் தட்டையாக்கிய பின்னர் பல இடங்களில் வெர்னியரால் அளந்து பார்க்க வேண்டும். சூட்டில் இழுபட்ட இடம் மெலிந்தும், மடிந்த இடம் தடித்தும் போயிருக்கும். பி.வி.சி.யை நேரடித் தீயிலோ, சமையலறை அடுப்பிலோ காட்டுவது தவறு. அது 80 டிகிரி அளவில் இளகத் தொடங்கி 120–140 டிகிரியில் நன்கு படிந்துவிடும். அதற்கு மேல் பெரிதும் சூடேறிக் கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு என்னும் அரிக்கும் வாயுவை வெளிவிடும். பழைய குழாய்களில் காரீயச் சேர்மங்கள் நிலைப்படுத்தியாகக் கலக்கப்பட்டிருக்கக்கூடும். இதைக் கட்டுப்படுத்துவதற்கான விதிகளை ஒன்றிய அரசு 2021-இல்தான் வெளியிட்டது. எனவே இடித்த வீட்டிலிருந்து எடுத்த குழாயைத் தவிர்ப்பதும், எந்தக் குழாயை அறுத்தாலும் துளையிட்டாலும் தூளை ஈரத்துணியால் துடைத்தெடுப்பதும் நலம்.

உறையின் நோக்கம் பற்றிச் சட்டம் தொடர்பான ஒரு குறிப்பும் இங்கே தேவை. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின் கீழ் வரும் விதிகள், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ கொண்ட அலகுள்ள கத்திகளை ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீடு, வேளாண்மை, அறிவியல், தொழில் ஆகியவற்றுக்கென வடிவமைக்கப்பட்டவற்றுக்கு மட்டும் விலக்களிக்கின்றன. இந்த அத்தியாயம் கருதுவது அந்த வேலைக் கத்திகளையே.

ஐலெட் வாங்குவதில்தான் முதல் இடறல் நேர்கிறது. ஊர்க்கடையில் ஐலெட் கேட்டால் முதலில் கைக்கு வருவது பிளெக்ஸ் பேனரின் மூலைகளில் அடிக்கும் வளையம். அடுத்து, ஷூவின் கயிற்றுத் துளைக்கான சிறு கண்ணி. இரண்டும் ஒரு மில்லிமீட்டர் அளவே தடிமனுள்ள துணிக்கும் தோலுக்கும் ஆனவை. அவற்றின் குழல் குட்டையானது. 4 மி.மீ. தடிமனுள்ள இரட்டைத் தகட்டில் அவற்றை இட்டால், குழல் முனை மறுபக்க மட்டத்தோடு நின்றுவிடும். சுருட்ட உலோகமே மிஞ்சாது. பேனர் ஐலெட்டை வைத்துக்கொண்டு தகட்டைக் குடைந்து மெலிதாக்கிச் சமாளிப்பவர்களும் உண்டு. ஓரம் பலவீனப்படுவதால் அந்த முறை பரிந்துரைக்கத்தக்கதன்று. சென்னையில் தோல் வணிகத்துக்குப் பெயர்பெற்ற பெரியமேட்டின் கடைகளில் பை, பெல்ட், குதிரைச் சேணம் ஆகியவற்றுக்கான நீளக்குழல் பித்தளை ஐலெட்டுகளைத் தேடிப் பார்க்கலாம். போகும்போது உறைத் தகட்டின் இரண்டு துண்டுகளையும் வெர்னியரையும் கையோடு கொண்டுபோவது அலைச்சலைக் குறைக்கும்.

உறை வேலைக்கென விற்கப்படும் ஐலெட்டுகளுக்கு 8-8, 8-9, 8-10 என்பது போன்ற இரட்டை எண்கள் இடப்படுகின்றன. முதல் எண் குழலின் விட்டத்தையும், இரண்டாம் எண் அதன் நீளத்தையும், அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு என்னும் அலகில் குறிக்கின்றன. எனவே 8-9 என்பது கால் அங்குல, அதாவது ஏறத்தாழ 6.3 மி.மீ. விட்டமும், 7.1 மி.மீ. நீளமும் கொண்டது. தகடுகள் இரண்டும் சேர்ந்த தடிமனைக் கழித்த பின் மறுபக்கத்தில் 2 முதல் 3 மி.மீ. வரை குழல் நீட்டிக்கொண்டிருந்தால் சுருள் சரியாக அமையும். 2 மி.மீ. தகடு இரண்டுக்கு 8-8 என்றால் ஏறத்தாழ 2.3 மி.மீ.யும், 8-9 என்றால் 3 மி.மீ.யும் மிஞ்சும் என்பது கணக்கு. கணக்கு வழிகாட்டுமே தவிர முடிவு சொல்லாது. அச்சுக்கு அச்சு பள்ளத்தின் ஆழம் வேறுபடுவதால், அதே தகட்டின் ஓரத்துண்டில் இரண்டு மூன்று ஐலெட்டுகளை அடித்துப் பார்த்த பின்னரே நீளத்தை முடிவு செய்ய வேண்டும்.

குழலின் நீளம் ஏன் இவ்வளவு நுட்பமாக அமைய வேண்டும் என்பதை உலோகத்தின் போக்கிலிருந்து புரிந்துகொள்ளலாம். 6.3 மி.மீ. விட்டமுள்ள குழல் முனை சுருளாகி 9 மி.மீ. வரை விரியும்போது, அதன் விளிம்பின் சுற்றளவு நாற்பது விழுக்காட்டுக்கு மேல் நீள்கிறது. மென்மையாகப் பதப்படுத்திய பித்தளை இந்த நீட்சியைத் தாங்கும். குழல் தேவைக்கு மேல் நீண்டிருந்தால் விளிம்பு இன்னும் வெளியே தள்ளப்பட்டு, தாங்கும் எல்லையைத் தாண்டிப் பிளக்கிறது. குட்டையாக இருந்தால் உலோகம் பள்ளத்துக்குள் திரும்பாமல், புனல் வாய்போல் விரிந்தபடி நின்று, கையைக் கீறும் கூர் விளிம்பை விட்டுவிடுகிறது. அளவெல்லாம் சரியாக இருந்தும் ஒரு பொட்டலத்து ஐலெட்டுகள் அனைத்தும் நட்சத்திரம்போல் பிளந்தால், அந்தப் பித்தளை கடினமானது என்று கொள்ள வேண்டும். வண்ணப்பூச்சு இல்லாத ஐலெட்டாக இருப்பின் மங்கிய சிவப்பு தெரியும் வரை சூடாக்கி ஆறவிட்டால் பித்தளை மீண்டும் மென்மையடையும். கறுப்புப் பூச்சுள்ளவற்றில் பூச்சு எரிந்துவிடும் என்பதால் பொட்டலத்தையே மாற்றிக்கொள்வது மேல். பழவேற்காட்டு ஏரிக்கரையிலும் கடலோரக் குப்பங்களிலும் பயன்படவுள்ள மீன் கத்தி உறைக்கு முலாம் பூசிய இரும்பு ஐலெட்டுகள் எந்த நிலையிலும் ஆகா. சுருளும்போது முலாம் வெடித்து, உப்பு ஈரம் பட்டுச் சில வாரங்களிலேயே துருக் கசியத் தொடங்கும்.

அடுத்தது துளையின் இடம். கத்தியின் உருவம் தகட்டில் புடைத்து எழும் கோட்டுக்கு மிக அருகே துளை அமைந்தால், அச்சின் ஓரம் அந்தப் புடைப்பின் மீது ஏறி நின்று ஐலெட்டைச் சாய்த்துவிடும். ஆகவே துளையின் மையத்துக்கும் புடைப்புக் கோட்டுக்கும் இடையே அச்சு விட்டத்தில் பாதியும் அதற்கு மேல் 2 மி.மீ.யும் இருக்க வேண்டும், 14 மி.மீ. விட்டமுள்ள அச்சுக்கு இது 9 மி.மீ. ஆகிறது. வெளி ஓரம் மையத்திலிருந்து 8 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் ஐலெட்டின் தலை ஓரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்காது. அதற்காக வெகுதூரம் தள்ளிப் போடுவதும் தவறு; துளை விலக விலக, கத்தியின் கழுத்தைப் பிடிக்க வேண்டிய இறுக்கம் தளர்ந்துபோகும். துளைகளுக்கு இடையேயான தொலைவை மனம்போல் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், கடையில் கிடைக்கும் வார்க் கிளிப்புகள் முக்கால் அங்குலம், ஒன்றரை அங்குலம், அதாவது 19 மி.மீ., 38 மி.மீ. என்னும் இடைவெளிகளுக்கே துளையிடப்பட்டு வருவதால், தொடக்கத்திலேயே அந்த அளவைப் பின்பற்றுவது புத்திசாலித்தனம்.

துளையிடுவதற்கு முன், கத்தியை உள்ளே வைத்த நிலையில் இரண்டு தகடுகளையும் ஓரத்தில் கிளாம்ப் போட்டுப் பிடித்து, கிளாம்பை அசைக்காமல் கத்தியை மட்டும் உருவி எடுத்துவிட வேண்டும். டிரில் பிட்டின் விட்டம் குழலின் வெளிவிட்டத்தோடு ஒத்தோ, 0.1 மி.மீ. கூடுதலாகவோ இருக்கலாம், ஐலெட் விரலால் அழுத்தினால் சற்றே எதிர்ப்புக் காட்டி உள்ளே இறங்க வேண்டும், தானாக விழக்கூடாது. துளை பெரிதானால் அடிபடும்போது குழல் வெளியே சுருளுவதற்கு முன்பே துளைக்குள் வீங்கி மடங்கிவிடும். பலரும் சுத்தியலைக் குறை சொல்லும் சாய்ந்த ஐலெட்டுக்கு மூலம் பெரும்பாலும் இதுவே. துளை சிறிதானாலோ, வலிந்து திணிக்கப்பட்ட ஐலெட் தகட்டைச் சுற்றிலும் தூக்கிவிடுகிறது, பி.வி.சி.யில் அங்கிருந்து விரிசல் பிறக்கிறது.

இரும்புக்கான சாதாரண பிட் பிளாஸ்டிக்கைச் சீவாமல் கவ்வி இழுக்கும் இயல்புடையது. மறுபக்கம் வெளிவரும் கணத்தில் தகட்டை மேலே தூக்கித் துளையை முக்கோணமாகக் கிழித்துவிடுவதும் உண்டு. பிட்டின் வெட்டு முனையைச் சாணைக்கல்லில் மெல்ல ஒரு தேய் தேய்த்துக் கூர்மையைச் சற்று மழுக்கினால், அது கவ்வுவதை விட்டுச் சுரண்டத் தொடங்கும். மரவேலைக்கான நடுமுள் பிட்டும் நன்கு உழைக்கும். அடியில் மரக்கட்டை வைத்து, நிமிடத்துக்கு ஆயிரத்துக்கும் குறைவான சுற்றில், இடையிடையே பிட்டைத் தூக்கிச் சுருளை வெளியேற்றித் துளையிட வேண்டும். வேகம் மிகுந்தால் பிளாஸ்டிக் உருகிப் பிட்டில் ஒட்டிக்கொண்டு துளையைப் பெரிதாக்கும். கையில் பிடிக்கும் டிரில்லால் செங்குத்து தவறுவது இயல்பாதலால், பெஞ்ச் டிரில் கிடைக்குமானால் அதையே நாட வேண்டும். துளை ஓரிரு டிகிரி சாய்ந்தாலும் ஐலெட்டின் தலை ஒரு பக்கம் எழும்பி நிற்கும். அதை எந்த அடியாலும் பிறகு சரிசெய்ய இயலாது.

முதல் துளையை இட்டதும் அதில் ஒரு போல்ட்டைத் தற்காலிகமாகச் செருகி இறுக்கிவிட்டே அடுத்த துளைக்குச் செல்ல வேண்டும். இல்லாவிடில் இரண்டு தகடுகளும் மயிரிழை நகர்ந்து, கடைசித் துளைகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போகும். எல்லாத் துளைகளும் முடிந்தபின் தகடுகளைப் பிரித்து, உட்பக்கத்துப் பிசிறையும் சேர்த்து நீக்குவது பலர் தவறவிடும் ஒரு படி. தகடுகளுக்கு நடுவே சிக்கும் பிசிறு அவற்றை ஒட்டவிடாமல் தடுக்கிறது. ஐலெட் அடித்தபின் சில நாள்களில் அது நசுங்கித் தளர்வை உண்டாக்குகிறது. உறைக்குள் உதிர்ந்தால் ஒவ்வொரு முறை உருவும்போதும் அலகைக் கீறுகிறது. வெளித்துளை விளிம்பை அகல பிட் ஒன்றைக் கையால் ஒரு சுற்றுச் சுழற்றிச் சற்றே தேய்த்துவிட்டால் போதும். ஆழமாகச் சரிவு வெட்டினால் சுருளுக்கு அடியில் ஆதாரம் குறைந்துவிடும்.

அச்சு என்பது இரு பகுதிகளைக் கொண்டது: ஐலெட்டின் தலையை ஏந்திக்கொள்ளும் குழிவான கீழ்த்துண்டும், குழலுக்குள் நுழையும் முளையையும் அம்முளையைச் சுற்றி வட்டமாக ஓடும் வளைபள்ளத்தையும் உடைய மேல்துண்டும். உலோகம் இந்தப் பள்ளத்தின் சுவரைத் தொட்டுக்கொண்டே வழுக்கித் திரும்புவதால், பள்ளம் கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தாக வேண்டும். பேனர் அச்சோடு நீளக்குழல் ஐலெட்டைச் சேர்த்து அடிப்பது வீண். தலையும் முளையும் பொருந்தாமல் வண்ணம் உரிவதோடு சரி. பொருத்தமான அச்சு கிடைக்காதபோது காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டையிலோ கும்மிடிப்பூண்டிப் பகுதியிலோ உள்ள லேத் பட்டறையில் ஐலெட்டையும் வரைபடத்தையும் கொடுத்துக் கடைந்து வாங்கிக்கொள்ளும் வசதி இந்தப் பகுதியில் இருப்பவர்களுக்கு உண்டு. ஆயிரக்கணக்கில் அடிக்காத வீட்டு வேலைக்கு இ.என்.8 எஃகே போதுமானது. கடைந்த பள்ளத்தைக் கருவி வரிகள் மறையும் வரை எமரி தாளால் தேய்த்துத் தரச் சொல்வது மறக்கக்கூடாத விவரம்.

சுத்தியலால் அடிப்பதா, பிரஸ்ஸால் அழுத்துவதா என்ற கேள்விக்குப் பிரஸ்ஸே மேல் என்பதில் ஐயமில்லை. அடி ஒவ்வொன்றும் சற்றே வேறு கோணத்தில் விழுவதால் சுருள் ஒரு பக்கம் முந்திக்கொள்ள வாய்ப்புண்டு. சீரான அழுத்தம் உலோகத்துக்குத் திரும்ப நேரம் தருகிறது. சிறு பட்டறைகளில் இருக்கும் பிளை பிரஸ்ஸோ, திருகி இறக்கும் கைப்பிரஸ்ஸோ போதும். பெஞ்ச் டிரில்லின் சக்கில் மேல்துண்டைப் பிடித்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, நெம்புகோலால் முதல் விரிவை மட்டும் தொடங்கிவைத்துப் பின்னர் சுத்தியலால் முடிப்பதும் நடைமுறையில் பயன் தரும் ஓர் உத்தி. சுத்தியல் ஒன்றே வழி என்றால், கீழ்த்துண்டை மரமேசையில் வைக்காமல் கனத்த இரும்புக்கட்டையின் மீது வைத்து, ஓங்கிய ஓர் அடிக்குப் பதிலாக மிதமான பல அடிகள் கொடுத்து, அடிக்கு அடி மேல்துண்டைக் கால் சுற்று திருப்பிக்கொண்டே வர வேண்டும். முளையில் ஒரு சொட்டு எண்ணெய் விடுவது பூச்சைக் காக்கும்.

எங்கே நிறுத்துவது என்பது கைப்பழக்கத்தால் வருவது. இருந்தாலும் சில அடையாளங்கள் உண்டு. சுருளின் விளிம்பு தகட்டைத் தொட்டு, விரலால் திருப்பினால் ஐலெட் சுழலாத நிலையே முடிவு. அதற்கு மேலும் அழுத்தினால் பி.வி.சி. தகட்டில் சுருளைச் சுற்றி வெண்ணிற வளையம் தோன்றும். பிளாஸ்டிக் தன் தாங்கு எல்லையைக் கடந்து இழுபட்டதன் அறிகுறி அது, பின்னாளில் விரிசல் தொடங்கும் இடமும் அதுவே. ஐலெட்டின் உள்துளை வழியே 4 மி.மீ. ஸ்க்ரூ தடையின்றிப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். போகவில்லையெனில் குழல் உள்ளுக்குள் நசுங்கியுள்ளது, துளை பெரிதாக இருந்திருக்கிறது என்று பொருள். சுருள் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் தெரிந்தால் துளையின் சாய்வையும், எல்லா ஐலெட்டிலும் பிளவு ஒரே திசையில் தெரிந்தால் அச்சின் பள்ளத்திலுள்ள கீறலையும், திசை மாறி மாறித் தெரிந்தால் குழலின் நீளத்தையும் முதலில் சோதிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்னி நட்சத்திர நாள்களில் திருவள்ளூர் மாவட்டத்தில் நிழலிலேயே வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. கண்ணாடி ஏற்றி நிறுத்திய வண்டியின் முன்பலகை மீது அதைவிட வெகுவாகச் சூடேறும். 80 டிகிரிக்கு நெருங்கும் சூட்டில் பி.வி.சி. உறை ஐலெட்டுகளுக்கு இடையே அலைபோல் நெளிந்து, கத்தியின் பிடி தளர்ந்துவிடும். இறுக்கமாக அடித்த ஐலெட்டுகள் இந்த நெளிவை ஓரளவு தடுக்குமே தவிர முழுதும் தடுக்க முடியாது.

பிழைபட்ட ஐலெட்டை அகற்றும் முறை ஒன்று மட்டும் எஞ்சியுள்ளது. சுருண்ட பக்கத்திலிருந்து, குழலைவிட அகலமான 9 அல்லது 10 மி.மீ. பிட்டால் சுருளை மட்டும் சீவியெடுத்து, மிஞ்சிய குழலை மறுபக்கமாகத் தட்டித் தள்ள வேண்டும். இதில் ஆபத்து, பிட்டோடு சேர்ந்து ஐலெட்டும் சுழலத் தொடங்குவது. சில வினாடிச் சுழற்சியிலேயே உரசல் சூடு பிளாஸ்டிக்கை உருக்கித் துளையைக் கெடுத்துவிடும். எனவே மறுபக்கத்துத் தலையைக் குறட்டால் இறுகப் பிடித்துக்கொண்டு, பிட்டை மின்விசையால் ஓட்டாமல் கையாலேயே திருப்பிச் சீவுவது பாதுகாப்பானது. எடுத்தபின் துளை பெரிதாகிவிட்டிருந்தால் அதே அளவு ஐலெட்டை மறுபடி அடிப்பதில் பயனில்லை. துளையை மேலும் ஓர் அளவு அகலப்படுத்தி அடுத்த விட்டத்து ஐலெட்டை இடலாம், அல்லது அந்த ஓர் இடத்தில் மட்டும் இருபுறமும் தட்டைத் தலை கொண்டு ஒன்றுக்குள் ஒன்று திருகிச் சேரும் பித்தளை பைண்டிங் ஸ்க்ரூவைப் போட்டுக்கொள்ளலாம். கத்தியின் கழுத்தை ஒட்டிய முதல் துளையில் இந்த ஸ்க்ரூவை இடுவது இறுக்கத்தைப் பின்னர் கூட்டிக் குறைக்கவும் உதவுவதால், சிலர் அந்த இடத்தில் தொடக்கம் முதலே ஐலெட்டைத் தவிர்த்துவிடுகின்றனர்.